பெறாமல் பெற்ற பெண்

பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்குத்தான் பிள்ளையின் அருமை தெரியும் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொல்வதற்கென்றே எடுத்தது போன்ற படம் ஒன்று உண்டு. 1941-ஆம் வருஷத்தில் ஹாலிவுட்டில் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட 'பென்னி ஸெரனேட்' என்பதே அது. டைரக்டர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். அதற்கு முன் ஹாஸ்யப் படங்களில் ஜோடி சேர்ந்து ரஸிகர்களைச் சிரிக்க வைத்த ஐரீன் டன்னும் காரி கிராண்டும் இதில் கண் கலங்க வைக்கிறார்கள்.

கணவனைப் பிரிந்து செல்லத் தீர்மானித்துவிட்ட ஜூலி, புறப்படுமுன் பழைய கிராமபோன் தட்டுக்களை ஒவ்வொன்றாகச் சுழல விடுகிறாள். ஒவ்வொரு பாட்டும் சென்றுபோன வாழ்க்கையின் ஒரு கட்டத்தைக் கண்முன் கொண்டுவருகிறது. இசைத்தட்டுக் கடையில் ரோஜரைச் சந்தித்தது. பத்திரிகை நிருபனான அவனை மணந்து ஜப்பானுக்குச் சென்றது. அங்கே பூகம்பத்தில், வயிற்றிலிருந்த சிசுவையும் இனித் தாயாகும் பாக்கியத்தையும் ஒருங்கே இழந்தது.

அமெரிக்கா திரும்பிய தம்பதிகள் ஒரு சிற்றூரில் பத்திரிகை நடத்திக்கொண்டு, ஸ்வீகாரத்துக்கு மனுச் செய்கிறார்கள். அவர்கள் கேட்டது சுருட்டை மயிரும் நீலக் கண்களும் கொண்ட இரண்டு வயதுப் பையன். கிடைத்ததோ ஐந்து வாரப் பெண் சிசு! ஆயினும் டிரினாவைக் கையில் வாங்கிய பிறகு பையனைப் பற்றிய நினைவு எங்கே போயிற்று? குளிப்பாட்டத் தெரியாமல் ஜூலி தவிக்கிறாள். ஆப்பிள்ஜாக் என்ற குடும்ப நண்பன், அச்சுக்கூடத்தில் உழைத்து முரடேறிய கைகளால், வெகு லாகவமாகக் குளிப்பாட்டிக் காட்டுகிறான். பாசம் ரத்தத்தில் மட்டும் வருவதல்ல, கை பழகப் பழக வருவதும் கூட என்பதை இந்த வேடிக்கைக் காட்சி உபதேசமின்றிச் சொல்லிவிடுகிறது.

ஓராண்டுச் சோதனைக் காலம் முடியும்போது பத்திரிகை நின்றுபோய், ரோஜர் வருமானமற்று நிற்கிறான். அத்தகையவனிடம் குழந்தையை விட்டுவைக்கச் சட்டம் இடந்தரவில்லை. டிரினாவைச் சுமந்துகொண்டு நீதிபதியின் முன் சென்று, நாத் தழுதழுக்க மன்றாடுகிறான். குழந்தை என்ன, வாங்கிய சாமானா, திருப்பிக் கொடுப்பதற்கு? காரி கிராண்டின் பெயர் ஆஸ்கார் பரிசுக்கு முதன் முதலாக முன்மொழியப்பட்டது இந்தப் படத்தின் நடிப்புக்காகத்தான்.

சட்டத்தை வென்றவர்கள் காலனை வெல்ல முடியவில்லை. பள்ளிக்கூடக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மறைவிலிருந்து எதிரொலியாகப் பாடிய டிரினா, மறு வருஷம் தேவதை வேஷம் போடலாம் என்று ஆசைப்படுகிறாள். அந்த மறு வருஷம் அவளுக்கு வாய்க்கவில்லை. மரணப் படுக்கையைக் காட்டி நம்மை வதைக்காமல், ஸ்வீகார நிலையத்துத் தலைவி மிஸ் ஆலிவருக்கு ஜூலி எழுதும் கடிதத்தின் மூலமே செய்தியைத் தெரிவித்தது டைரக்டரின் நாகரிகம். பியூலா பாண்டியின் முகமே மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

துக்கம் தம்பதிகளை ஒன்றாக இணைக்கும் என்று நாம் நம்புகிறோம். இங்கே அது பிரிக்கிறது. நீதிபதியின் முன் அப்படிப் பேசிய ரோஜர் இப்போது மௌனியாகிவிடுகிறான். அந்த மௌனத்தில் அழக்கூடத் துணையின்றி ஜூலி நிற்கிறாள். பெறாத பெண்ணுக்காக இப்படி உருகுவார்களா என்ற கேள்வியே எழாதபடி செய்தது இருவருடைய திறமை.

கடைசியில் மிஸ் ஆலிவரிடமிருந்து டெலிபோன் வருகிறது. இரண்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் முதலில் கேட்டது போலவே! முறிய இருந்த இல்லறம் மறுபடி தளிர்க்கிறது. இது சற்று அவசர முடிவு என்று சிலர் குறை கூறக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஒரு குழந்தையின் இடத்தை மற்றொரு குழந்தை நிரப்புமா? குழந்தை என்பது பெரியவர்களின் புண்ணுக்குத் தடவும் மருந்துமல்ல. ஆனால் அந்தப் பையன் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அவனுக்கும் ஒரு வீடு வேண்டும். குளிப்பாட்டவும், இரவில் எழுந்து பார்க்கவும் பழகிய கைகள் வேண்டும். அந்தக் கைகளைப் பழக்கிவிட்டுப் போனவள் டிரினா.