72 வயதில் வந்த மின்னஞ்சல்

2016ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுத்தாளர் டெலியா எஃப்ரான் ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் என்னவோ அன்றாடத் தொல்லைதான். கணவர் காலமாகிவிட்டதால் அவர் பெயரில் இருந்த தொலைபேசி இணைப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுவனம் அதோடு வீட்டு இணையத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டது. அதைத் திரும்பப் பெற, பதிவுசெய்த குரல்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நின்ற கதையைத் துக்கமும் சிரிப்புமாகச் சொல்லியிருந்தார்.

அமெரிக்காவின் இன்னொரு கோடியில், சான் பிரான்சிஸ்கோ பக்கம் வசித்த மனநல மருத்துவர் பீட்டர் ரட்டர் அதைப் படித்தார். அவரும் மனைவியை இழந்தவர். டெலியாவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். கல்லூரிக் காலத்தில் நாம் இருவரும் சில முறை வெளியே போயிருக்கிறோம், நம்மை அறிமுகம் செய்துவைத்ததே உங்கள் அக்கா நோராதான் என்று அதில் நினைவூட்டியிருந்தார். நடந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. டெலியா எவ்வளவோ யோசித்தும் அந்த இளைஞனின் முகம் நினைவுக்கு வரவில்லை.

டெலியாவுக்குக் காதல் கதை புதிதல்ல; அதுதான் அவர் தொழில். பெற்றோர் ஹென்றி, ஃபீபி எஃப்ரான் இருவரும் ஹாலிவுட் திரைக்கதை ஆசிரியர்கள். நான்கு மகள்களும் எழுத்தாளர்களாகவே ஆனார்கள். மூத்தவரான நோரா எஃப்ரானோடு சேர்ந்து டெலியா எழுதிய ‘யூவ் காட் மெயில்’ 1998இல் வெளியானது. டாம் ஹாங்க்ஸும் மெக் ரயனும் முகம் தெரியாமல் மின்னஞ்சலிலேயே காதலில் விழும் கதை அது. ‘ஹேங்கிங் அப்’, ‘சிராகூசா’ போன்ற நாவல்களையும் டெலியா எழுதியிருக்கிறார்.

மின்னஞ்சல் காதலைத் திரையில் எழுதியவருக்கே, 72 வயதில் அது வீடு தேடி வந்தது. பதிலுக்குப் பதில் எழுதினார்கள், பிறகு தொலைபேசியில் பேசினார்கள். சில வாரங்களில் பீட்டர் நியூயார்க்குக்கு விமானம் ஏறினார்.

முன்பின் தெரியாத ஒருவர் இப்படி எழுதியிருந்தால், தனியாக வசிக்கும் எந்தப் பெண்ணும் யோசிக்கத்தான் செய்வார். இணையத்தில் முதியவர்களைக் குறிவைத்துக் காதல் பேசிப் பணம் பறிக்கும் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. பீட்டர் விஷயத்தில் இரண்டு பிடிமானங்கள் இருந்தன. ஒன்று, அவர் எழுதி 1989இல் வெளிவந்த நூல்: மருத்துவர், பேராசிரியர், மதகுரு போன்ற இடங்களில் இருக்கும் ஆண்கள் தங்களை நம்பி வரும் பெண்களிடம் எல்லை மீறுவதைக் கண்டித்து எழுதப்பட்டது. தேடினால் யாருக்கும் கிடைக்கும் சான்று அது. மற்றொன்று நோரா. 2012இல் நோரா இறந்துவிட்டாலும், அக்கா பார்த்துவைத்த ஆள் என்ற உறுதி தங்கைக்குப் போதுமானதாக இருந்தது. நம் ஊரில் சொல்வதுபோல, தெரிந்த இடம்.

பழைய பழக்கம் முதுமையில் காதலாவது அப்படியொன்றும் அபூர்வமில்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் நான்சி காலிஷ், இளமையில் பிரிந்து பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்தவர்களை 1990களில் ஆராய்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்தார்கள். இதை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. பதில் எழுத முன்வந்தவர்களில், உறவு கைகூடி மகிழ்ச்சியாக இருந்தவர்களே அதிகம் இருந்திருக்கலாம். வேறு குடும்பம் இருப்பவர்கள் விளையாட்டாகப் பழைய காதலைத் தேடப்போய்க் குடும்பத்தைச் சிதைத்துக்கொள்வதைப் பற்றி காலிஷே பின்னாளில் எச்சரித்தார்.

நினைவாற்றலுக்கும் இதில் பங்கு உண்டு. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே அதிகம் மேலெழுகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு வெளியேறிய நாள் எல்லாம் அந்த வயதில்தான். பீட்டருக்கு நினைவிருந்ததும் அதனால்தான் போலும். டெலியாவுக்கு அதே வயது, அதே சந்திப்பு, ஒன்றுமே நினைவில்லை. பழைய காதல் மீண்டும் துளிர்த்தது என்று இதைச் சொல்ல முடியாது. பழைய அறிமுகம் கதவைத் திறந்துவிட்டது, காதல் புதிதாகத்தான் வந்தது.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் தங்கள் வகை நாவலுக்கு இரண்டே நிபந்தனைகளை வைத்திருக்கிறது: காதல் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அந்தக் கணக்குப்படி, பீட்டர் விமானத்தை விட்டு இறங்கியதும் சுபம் போட்டுவிடலாம். நடந்தது வேறு.

நோராவைக் கொண்டுபோனது ஏ.எம்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் தொடங்கி வேகமாகப் பரவுவது. அக்காவுக்கு வந்ததால் தங்கையையும் மருத்துவர்கள் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். 2017 தொடக்கத்தில், காதல் தொடங்கி அரை ஆண்டுகூட ஆகாத நிலையில், டெலியாவுக்கும் அதே நோய் என்று முடிவு வந்தது. பீட்டர் விலகிப் போகவில்லை, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார். மருத்துவமனையிலேயே திருமணம் நடந்தது.

டெலியாவுக்குக் கொடுக்கப்பட்ட சி.பி.எக்ஸ்-351 என்ற மருந்து அப்போது அரசு ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. 2017 ஆகஸ்டில்தான் ஒப்புதல் கிடைத்தது. நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள இரண்டு மருந்துகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துச் செலுத்தும் முறை அது. நோய் அடங்கியது, பிறகு மீண்டும் தலைகாட்டியது. 2018இல் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தார்கள். பாதி பொருந்தும் ஒரு கொடையாளியின் செல்களையும், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் சேர்த்துச் செலுத்துவது அந்த முறை. முதலில் கொடையாளியின் செல்கள் வேலையை ஏற்றுக்கொண்டு உடலைத் தாங்கும். தொப்புள்கொடி செல்கள் மெல்ல வளர்ந்து பின்னர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட காலத்தில் நோயாளி படும் பாடு கொஞ்சமல்ல. வேண்டாம், என்னைச் சாகவிடுங்கள் என்று டெலியா கெஞ்சிய நாட்களும் இருந்தன. பீட்டர் அதே அறையில் படுத்து உறங்கிக் கூடவே இருந்தார்.

சிகிச்சை பலித்தது. 2022இல் ‘லெஃப்ட் ஆன் டென்த்’ என்ற தலைப்பில் டெலியா இதை நூலாக எழுதினார். டென்த் என்பது நியூயார்க்கில் அவர் வசித்த பத்தாம் தெரு. பீட்டரும் அவரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் அந்த நூலில் இடம்பெற்றிருக்கின்றன. திரைக்காகத் தாடையில் கைவைத்து யோசித்துச் செதுக்கிய வசனங்களுக்கும், பொத்தானைத் தட்டி அனுப்பிய அவசர வரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே பார்க்கலாம். சாகவிடச் சொல்லிக் கெஞ்சியதையும் அவர் மறைக்கவில்லை.

2024இல் அந்த நூல் பிராட்வே நாடகமானது. சூசன் ஸ்ட்ரோமன் இயக்க, டெலியாவாக ஜூலியானா மார்குலிஸும் பீட்டராக பீட்டர் கலகரும் நடித்தார்கள். நாடகப் பிரதியை எழுதியது டெலியாவேதான், தமது 80ஆவது வயதில்.