தாத்தாவை மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு இட்டுனு போவது எப்படி?



அமெரிக்காவின் அலாஸ்காவில் 1973 முதல் இடிடராட் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. ஆங்கரேஜ் நகரத்திலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர். நாய்கள் பனியில் சறுக்கு வண்டியை இழுத்து ஓடும். மார்ச் முதல் சனிக்கிழமை தொடக்கம் என்பதால் பார்க்கப் போகிறவர்கள் தேதியைப் பார்த்துத் திட்டம் போடலாம். இதைப் படித்ததும் எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது.

தாத்தா பாகூர்ப் பக்கம் கரும்பு வண்டி ஓட்டினவர். டிராக்டர் வந்த பிறகு கடைசி ஜோடியையும் வித்துட்டார். இப்போது ஒரு கண்ணில் பார்வை இல்லை. "இன்னொண்ணும் போறதுக்குள்ள தெக்கத்திப் பந்தயத்த ஒருதடவ பாத்துடணும்" என்கிறார். அதனால் நான் திட்டம் போடுகிறேன்.

முதலில் எந்தப் பந்தயம் என்று தெரியணும். கோவை, உடுமலைப் பக்கம் ரேக்ளா. 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்று பார்ப்பார்கள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும், தாத்தாவுக்கு ஒத்து வராது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் நடப்பது எல்கைப் பந்தயம். சாலையிலேயே ஓடும். போய்த் திரும்ப வேண்டிய எல்லைதான் எல்கை. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல் மாதிரி வைப்பார்கள். அதாவது 13 கிலோமீட்டர். வண்டி நம்ம ஊர் பார வண்டி போல இருக்காது, ரொம்ப லேசு. ஓட்டுபவரை சாரதி என்றே சொல்கிறார்கள்.

கஷ்டம் தேதியில்தான். சிராவயல் மஞ்சுவிரட்டு என்றால் தை 3 என்று நிச்சயம். வண்டிப் பந்தயத்துக்கு அப்படி இல்லை. அந்தந்த ஊர்க் கமிட்டி முடிவு செய்து நோட்டீஸ் அடிக்கும். மாசி, பங்குனித் திருவிழாவிலும் நடக்கும், ஆனால் அப்போது நமக்குப் பரீட்சை! ஆகவே பொங்கல் லீவுதான் சரி. பெரியம்மா பையன் காரைக்குடியில் கொத்தனார் வேலை செய்கிறார். நோட்டீஸைப் பார்த்ததும் போனில் படம் அனுப்புவார். எங்க வீட்ல இப்ப மாடு இல்லாததால மாட்டுப் பொங்கலுக்கு வீட்ல இருந்தே ஆகணும்னும் இல்லை.

வில்லியனூரில் பாசஞ்சர் ஏறினால் விழுப்புரம். அங்கிருந்து ராமேஸ்வரம் போகும் ராத்திரி வண்டி திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகும். பகலில் பல்லவனும் உண்டு, ஆனால் போய்ச் சேர ராத்திரி ஆயிடும், தாத்தாவை வச்சிக்கினு இருட்டில் அலைய முடியாது. போன வருஷம் டிசம்பரில்தான் டிக்கெட்டுக்குப் போனோம். வெயிட்டிங் லிஸ்ட். கடைசி வரை கிடைக்கவில்லை. தாத்தா மஞ்சள் பையில் வேட்டி மடித்து வைத்திருந்தார். ஒண்ணும் பேசாமல் அதை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). ஜனவரி 13 வண்டிக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குத் திறக்கும். 17-ஆம் தேதி திரும்புவதற்கு நவம்பர் 18-இல் மறுபடியும் போகணும். முதியோர் சலுகையை 2020-இல் நிறுத்திவிட்டதால் தாத்தாவுக்கும் முழுக் கட்டணம். அதற்கு ஆயா கோழி முட்டை வித்த காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"மாட்டை ஓட விடுறது பாவம் இல்லையா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். அலாஸ்காவில் நாய்களுக்கு நடுவில் 24 மணி நேரம் கட்டாய ஓய்வு உண்டு, மருத்துவர்களும் பார்ப்பார்கள். நம்ம மாட்டுக்கு ஓட்டம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இருந்தாலும் தார்க்குச்சியால் குத்துவதைப் பார்த்தால் எழுந்து வந்துடலாம் என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். "நானே உன்ன இட்டுனு வந்துடுவேன்" என்றார்.

பார்க்கும்போது சாலை ஓரத்தில் நிற்கக் கூடாது. வண்டிகளின் பின்னாலேயே மோட்டார் சைக்கிள்கள் துரத்தி வரும். மொட்டை மாடி கிடைத்தால் நல்லது. தாத்தாவின் நல்ல கண் இடது கண், அதனால் வண்டி இடப்பக்கமிருந்து வருகிற மாதிரி இடம் பிடிக்கணும்.

"வயசுப் பொண்ணுக்கு அந்தக் கூட்டத்துல என்ன வேல?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்று தெரியும். அன்று காலை நான் புதுச்சேரி ஸ்டேஷன் வரிசையில் நிற்பேன். விழாவுக்குக் கொஞ்சம் தாமதமாக வர வகுப்பாசிரியர் அனுமதி தர வேண்டுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி