பிழைத் திருப்பு மதிப்பு (சி நிரலாக்க மொழி)

பிழைத் திருப்பு மதிப்பு என்பது, சி நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரலகச் செயற்கூறு தன் பணியில் தோல்வியுற்றதை, தன்னை அழைத்த நிரலுக்குத் தெரிவிக்கும் மதிப்பு ஆகும். சி++, ஜாவா ஆகியவற்றில் உள்ள விதிவிலக்கு முறை சி மொழியில் இல்லை. எனவே இம்மதிப்பைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் நிரலாளரைச் சார்ந்தது. சோதிக்காவிடினும் நிரல் தொகுக்கப்படும். பெரும்பாலும் இயங்கவும் செய்யும்.

மரபு வேறுபாடுகள்

வெற்றி தோல்விகளைக் குறிக்க ஒரே மரபு இல்லாமையே முதன்மையான இடர் ஆகும். யுனிக்ஸ் அமைப்பு அழைப்புகள் பல தோல்வியில் -1 ஐத் திருப்புகின்றன. நினைவகம் கோரும் மலாக் வெற்றுச் சுட்டியைத் திருப்புகின்றது. இழைகளுக்கான பிதிரெட் செயற்கூறுகளில் 0 வெற்றியைக் குறிக்கும். மறையீட்டு நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லிலோ பெரும்பாலும் 1 வெற்றி, 0 தோல்வி.

ஓப்பன்எஸ்எஸ்எல் வழு

இந்நிரலகத்தில் மின்னொப்பத்தைச் சரிபார்க்கும் ஒரு செயற்கூறு மூன்று விடைகளைத் தரும்: ஒப்பம் சரியெனில் 1, தவறெனில் 0, ஒப்பத்தின் வடிவமே சிதைந்திருப்பது போன்ற வேறு பிழைகளுக்கு -1. அதனை அழைத்த சில இடங்களில் விடை சுழியமா என்பது மட்டுமே சோதிக்கப்பட்டது. சி மொழியில் சுழியமல்லாத எம்மதிப்பும் உண்மை எனக் கொள்ளப்படும். -1 உம் அவ்வாறே. இதனால் டிஎஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ சாவிகளைப் பொறுத்தவரை, சிதைந்த ஒப்பம் செல்லுபடியான ஒப்பமாக ஏற்கப்பட்டது. போலி ஒப்பத்தைத் திறம்பட உருவாக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கூகுள் பாதுகாப்புக் குழு அறிவித்த இவ்வழு, 2009 சனவரியில் 0.9.8ஜே பதிப்பில் திருத்தப்பட்டது. அதே மாதத்தில் பைண்ட், என்டிபி மென்பொருட்களும் இத்தகைய வழுவுக்குத் திருத்தம் வெளியிட்டன.

எர்னோ

தோல்வியின் காரணம் பல வேளைகளில் எர்னோ என்னும் மாறியில் இடப்படும். சீர்தர நிரலகச் செயற்கூறு எதுவும் இதனைச் சுழியமாக்குவதில்லை. வெற்றியடைந்த அழைப்பும் இதனை மாற்றிவிடக்கூடும். ஆகவே திருப்பு மதிப்பு தோல்வியைக் காட்டிய பின்னரே எர்னோவைப் பார்த்தல் வேண்டும். இடையில் பிழைச் செய்தியை அச்சிட்டாலே அதிலிருந்த எண் மாறிவிடலாம் என்பதால், முன்னரே அதனைப் படியெடுத்து வைப்பது வழக்கம். பிதிரெட் செயற்கூறுகள் எர்னோவைப் பயன்படுத்தாமல் பிழை எண்ணையே நேரடியாகத் திருப்புகின்றன.

கோப்பை மூடுதல்

மிகுதியும் சோதிக்கப்படாமல் விடப்படுவது எஃப்குளோஸ் ஆகும். எழுதப்படும் தரவு முதலில் இடையகத்தில் தங்குவதால், வட்டு நிறைந்துள்ளமை கோப்பை மூடும்போதே தெரியவரலாம். அப்போது சோதிக்காத நிரல், தரவை இழந்த பின்னரும் சேமிக்கப்பட்டது என்றே பயனருக்குக் கூறும். லினக்ஸில் உள்ள டெவ்ஃபுல் என்னும் சாதனக் கோப்பு, தன்னில் எழுத முயலும்போதெல்லாம் இடமில்லை என்ற பிழையையே தரும். இக்குறையைக் கண்டறிய அது பயன்படுகின்றது.