சந்தை சுருங்கியபோது கைகொடுத்த காணி

சீனா என்றதும் கடைகளில் குவிந்து கிடக்கும் மலிவான பொருட்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் பொருளாதார மாற்றம் தொழிற்சாலையில் தொடங்கவில்லை, வயலில்தான் தொடங்கியது.

1978ஆம் ஆண்டு அன்ஹூய் மாகாணத்தில் கடும் வரட்சி. அங்குள்ள சியாவ்காங் என்ற சிறு கிராமத்து மக்கள் ஏற்கெனவே பட்டினியால் வாடியவர்கள். காணி முழுவதும் கம்யூனுக்கு உரியது. எல்லோரும் ஒன்றாக வேலை செய்வார்கள். ஒருவர் கூடுதலாகப் பாடுபட்டாலும் அவர் வீட்டுக்குக் கூடுதலாக எதுவும் வராது. அவ்வாண்டின் இறுதியில் 18 கமக்காரர் இரகசியமாகக் கூடி, காணியைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டு, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தனர். இதனால் யாரேனும் சிறைக்குப் போனால், அவர்களுடைய பிள்ளைகளை மற்றவர்கள் 18 வயதுவரை வளர்ப்பதாகவும் உடன்பட்டனர்.

மறுஆண்டே விளைச்சல் பல மடங்கு பெருகியது. பின்னர் டெங் சியாவோபிங்கின் ஆட்சி இம்முறையை நாடெங்கும் அனுமதித்தது. காணி கூட்டு உடைமையாகவே இருந்தது; அரசுக்கும் ஊருக்கும் உரிய பங்கைக் கொடுத்தபின் மிஞ்சியது குடும்பத்துக்குச் சொந்தம். தானியத்தின் கொள்முதல் விலையையும் அரசு 1979இல் உயர்த்தியது. 1978இல் ஏறத்தாழ 30 கோடி தொன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984இல் 40 கோடி தொன்னைத் தாண்டியது.

ஏற்றுமதி வளர்ச்சி இதன் பின்னரே வந்தது. 1980இல் சென்ஷென் உட்பட நான்கு விசேட பொருளாதார வலயங்கள் கரையோரத்தில் அமைக்கப்பட்டன. கமக்காரரின் பிள்ளைகள் கோடிக்கணக்கில் அங்கே வேலை தேடிச் சென்றனர். ஆனால் அவர்களுடைய குடும்பப் பதிவு பிறந்த கிராமத்திலேயே இருந்தது. ஆகவே நகரத்துப் பாடசாலையும் வைத்திய வசதியும் அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. அவர்களுடைய குறைந்த ஊதியமே பொருட்களை மலிவாக்கியது. 2001இல் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது. 2006 அளவில் ஏற்றுமதியின் பெறுமதி மொத்தத் தேசிய உற்பத்தியின் மூன்றிலொரு பங்கை மிஞ்சியது.

இந்த வழிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, விற்பவர் வாங்குபவரின் கையை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். 2008இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெருக்கடி ஏற்பட்டதும் கொள்வனவு குறைந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கிராமங்களிலிருந்து சென்றவர்களில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வேலை இழந்ததாக அந்நாட்டு அதிகாரிகளே 2009இல் கூறினர். இரண்டாவது, பொருளை மலிவாக்கும் அதே குறைந்த ஊதியம், அதைச் செய்தவரை அதனை வாங்க முடியாதவராக்குகிறது. இன்றும் சீனாவில் குடும்பங்களின் செலவு தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான். உள்ளூரில் வாங்குவார் குறைவென்றால், மீண்டும் வெளிநாட்டுச் சந்தையையே நம்ப வேண்டும்.

வேலை இழந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினர். குடும்பத்தின் பெயரில் ஒரு துண்டு வயல் இருந்தது, அடுப்பு எரிந்தது. அரசு பெருந்தொகைப் பணத்தை இறக்கி வேலைகளை உருவாக்கும்வரை அந்த வயலே அவர்களைத் தாங்கியது. ஆனால் வலயங்களுக்கும் நகரங்களுக்கும் காணியைப் பறிகொடுத்த கமக்காரருக்கு அந்த ஆதாரமும் இருக்கவில்லை. பலருக்குக் கிடைத்த நட்டஈடு சொற்பமே.

ஆகவே ஒரு நாட்டின் வளர்ச்சியைத் துறைமுகத்தில் ஏறும் பெட்டிகளைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அப்பெட்டிகளை நிரப்பியவருக்குத் திரும்பிப் போகக் காணி உண்டா, உழைத்ததில் அவருக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.