வெயில் விளைவிக்கும் உப்பும் எண்ணெய் குறையும் காலமும்

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பகுதிகளில் சுமார் 9,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் உப்பளங்கள், 1930-இல் ராஜாஜி தலைமையில் நடைபெற்ற உப்புச் சத்தியாகிரகத்தால் நாடெங்கும் அறியப்பட்டவை. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகிய புதைபடிவ எரிபொருள்களை, அதாவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த உயிரினங்களின் எச்சங்களிலிருந்து உருவான எரிபொருள்களை, இனிச் சிக்கனமாகவே செலவிட வேண்டியுள்ள இக்காலத்தில், அவ்வுப்பளங்கள் மற்றொரு காரணத்துக்காகவும் கவனிக்கத்தக்கவை.

பாத்தியில் தேக்கிய உவர்நீரை வெயிலும் காற்றும் வற்றச் செய்ய, கரைசலின் செறிவை அளக்கும் போமே அளவையில் 25 பாகையை நெருங்கும்போது உப்பு படிகமாகப் பிரிகிறது. ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 37 லிட்டர் கடல்நீர் ஆவியாக வேண்டும். அதே வேலையை டீசலை எரித்துச் செய்வதானால், வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும், 2 லிட்டருக்கு மேல் டீசல் தேவைப்படும். உப்பின் விலையையும் டீசலின் விலையையும் ஒப்பிட்டால், கதிரவன் கூலியின்றிச் செய்து தரும் வேலையின் அளவு விளங்கும்.

ஆயினும் இத்தொழில் எண்ணெயிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. உவர்நீரை இறைக்க இன்ஜினும் மோட்டாரும் வேண்டும். விளைந்த உப்பை வெளியூர்களுக்கு அனுப்ப லாரி வேண்டும். ஒரு காலத்தில் வேதாரண்யம் கால்வாய் வழியே படகுகளிலும், பின்னர் இருப்புப்பாதை வழியாகவும் சென்ற சரக்கு, மீட்டர் கேஜ் ரயில் நின்றதும் சாலைக்கு மாறியது. ஒரு டன் சரக்கை லாரியில் கொண்டு செல்வதைவிட ரயிலில் கொண்டு செல்ல எரிபொருள் மிகக் குறைவாகவே செலவாகும் என்பதால், 2023 ஏப்ரலில் அகல ரயில்பாதையாகத் திறக்கப்பட்ட திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி தடத்தில் உப்பு பெருமளவில் ஏற்றப்படுவது பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருங்கே நன்மை தரும்.

இதே மாவட்டத்து நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்பட்டு வருகிறது என்றாலும், எந்த எண்ணெய்க் கிணற்றிலும் நிலத்தடி அழுத்தம் குறையக் குறைய விளைச்சலும் குறையும். இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்வதால், எங்கோ மூளும் போரும் உப்பளத்து டீசல் செலவை உயர்த்திவிடுகிறது.

எரித்த எண்ணெயிலிருந்து வெளியேறும் கரியமில வாயு புவியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. சூடேறிய கடல் புயல்களுக்கு வலுவூட்டுகிறது. சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்து பெருமழையாகக் கொட்டுகிறது. வெயிலை நம்பிய தொழிலுக்கு இதைவிடப் பெரிய இடர் இல்லை. பருவம் தவறிப் பெய்யும் ஒரே மழையில் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோக, பல நாள் உழைப்பு வீணாகிறது; வாரிக் குவித்த உப்பைப் பனைமட்டையாலும் தார்ப்பாயாலும் மூடிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னையையும் மாவையும் சாய்த்ததோடு உப்பளங்களையும் சீரழித்தது.

குஜராத்தின் சின்ன ரண் பகுதியில், வருவாயில் பெரும்பங்கை டீசலுக்கே இழந்துவந்த அகரியா உப்புத் தொழிலாளர்கள், அரசு மானியத்தாலும் சேவா போன்ற அமைப்புகளின் துணையாலும் சூரிய சக்தி பம்புகளுக்கு மாறியுள்ளனர். வெயில் ஏறும்போது நீர் விரைவாக வற்றுவதால் உவர்நீரின் தேவை கூடுகிறது. அதே வெயிலில் பம்பும் கூடுதலாக இறைப்பதால், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலத்துக்கு அதிகத் தேவை எழுவதில்லை. வேதாரண்யத்துக்கும் இது பொருந்தும்.

குறைந்த ஆற்றலில் வாழ்வது பழைய வறுமைக்குத் திரும்புவதன்று. இயற்கை செய்து தரும் வேலையை இயற்கையிடமே விட்டு, எஞ்சியதை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைப்பதாகும். ஆனால் அம்மாற்றத்துக்கான முதலீட்டை, மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளரும் சிறு உற்பத்தியாளரும் தனியே சுமக்க இயலாது. வெப்பமாதலுக்கு மிகக் குறைவாகவே காரணமான அவர்கள் அதன் விளைவை முதலில் அனுபவிப்பதால், சூரிய பம்புக்கான மானியமும், மழைக்கால நிவாரணமும், உப்பை ஏற்றிச் செல்லும் ரயிலும் அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயமாகும்.