போட்டி போனால் வாசலும் போகும்

பூப்பந்துக்கு அரங்கம் நிறைகிற நாட்டில் டென்னிஸ் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஜோகூர் பெற்றோர் கேட்கலாம். இருக்கிறது.

2009 முதல் 2015 வரை கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கில் மலேசியப் பொது டென்னிஸ் போட்டி நடந்தது. ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டி அது. கூரைக்குள் கடினத் தரை. மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. வெற்றியாளருக்கு உலகத் தரவரிசையில் 250 புள்ளிகள். 2014-இல் ஜப்பானின் நிஷிகோரி இங்கு வென்றார்.

இத்தகைய போட்டியால் ஊருக்கு என்ன லாபம்? தரவரிசை போதாத உள்ளூர் ஆட்டக்காரர் சிலரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள ஏற்பாட்டாளர்களுக்கு உரிமை உண்டு. இதுதான் வைல்டு கார்டு. 2009 சென்னை ஓப்பனில் இந்த வாசல் வழியாகத்தான் சோம்தேவ் தேவ்வர்மன் நுழைந்தார். அப்போது அவருடைய தரவரிசை 202. உலகின் முன்னாள் முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவை வீழ்த்தி, இறுதியாட்டம் வரை சென்று, குரோஷியாவின் மாரின் சிலிச்சிடம் தோற்றார்.

ஆனால், போட்டி எந்த ஊருக்கும் நிரந்தரச் சொந்தமல்ல. நடத்தும் உரிமம் கைமாறும். விளம்பரதாரர் விலகினால் இடமும் மாறும். கோலாலம்பூரின் இடத்தை 2016-இல் சீனாவின் செங்டு பிடித்தது. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னைப் போட்டி, 2018-இல் புனேவுக்குப் போனது.

போட்டி போனால் வைல்டு கார்டும் போய்விடும். பிறகு புள்ளி தேடி வெளிநாடு பறக்க வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழும். அடுத்த முறை ஒரு போட்டி இங்கு வந்தால், எந்த நட்சத்திரம் வருகிறார் என்பதோடு, நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்றும் கேட்போம்.