தொங்கும் குறிப்பும் வீண் எச்சரிக்கையும்

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் 2 மணி 8 நிமிடத்திற்குச் சுமத்திரா தீவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுள்ள பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை மாமல்லபுரம் முதல் நாகப்பட்டினம் வரை ஒருவரும் மறந்திருக்கவில்லை. எச்சரிக்கை பரவியதும் இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த பல நாடுகளில் மக்கள் கரையை விட்டு அகன்றனர். சென்னை மெரினாவிலிருந்தும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆனால் பேரலை வரவில்லை. நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால், கடல்நீர் பெரிய அளவில் உந்தப்படவில்லை.

அலை வராதது நல்லதுதான். ஆனால் எச்சரிக்கை இப்படிப் பலமுறை பொய்த்துப்போனால் என்ன ஆகும்? 'புலி வருது, புலி வருது' என்று கூவிய சிறுவனின் கதைதான். உண்மையாகவே புலி வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், 2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பணியைச் செய்துவருகிறது. அது கையாளும் முறை அறிந்துகொள்ளத் தக்கது. அலை 60 நிமிடங்களுக்குள் வந்து சேரக்கூடிய இடங்களுக்கு, நிலநடுக்கச் செய்தியை மட்டும் வைத்தே முழு எச்சரிக்கை தரப்படும். அங்கே காத்திருக்க நேரமில்லை. நம் சோழமண்டலக் கரைக்கோ, சுமத்திராவிலிருந்து அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே இங்கே முதலில் விழிப்புடன் இருக்கச் சொல்வார்கள். ஆழ்கடல் அடியில் வைத்துள்ள அழுத்தமானிகளும் கரையோர நீர்மட்ட அளவிகளும் அலையை உறுதிசெய்த பிறகே முழு எச்சரிக்கையாக உயர்த்துவார்கள். கூடுதல் சான்று தேடுவது, எச்சரிக்கையைப் படிகளாகப் பிரிப்பது ஆகிய இரண்டு வழிகளால் வீண் எச்சரிக்கை குறைகிறது.

கணிப்பொறி நிரல்களைச் சோதிப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் கண்ட வழியும் ஏறத்தாழ இதுவேதான். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பிழையும் எச்சரிக்கையும்

நாம் சி++ போன்ற மொழியில் எழுதும் நிரல், கணிப்பொறிக்கு நேரடியாகப் புரியாது. அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி. கம்பைலர் என்று சொல்வதும் இதைத்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட ஜி.சி.சி. என்பது உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் நிரல்பெயர்ப்பி.

மொழிபெயர்க்கும்போது நிரல்பெயர்ப்பி நம்மிடம் இருவகையாகப் பேசும். இலக்கணமே தவறாக இருந்தால் 'பிழை' என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். இலக்கணம் சரியாக இருந்தும், எழுதியவர் நினைத்தது இதுதானா என்று ஐயம் எழுந்தால், 'எச்சரிக்கை' தந்துவிட்டு வேலையைத் தொடரும். பிழை உறுதியான செய்தி. எச்சரிக்கை ஒரு கணிப்பு. கணிப்பு பொய்க்கவும் கூடும்.

கூடாரத்தின் முகவரி

கணிப்பொறியின் நினைவகத்தில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் இடமும், அந்த இடத்துக்கு ஒரு முகவரியும் உண்டு. மதிப்பையே எடுத்துச் செல்லாமல், அது இருக்கும் இடத்தை மட்டும் காட்டுவது 'குறிப்பு'. பெரிய தரவுகளைப் படியெடுக்கும் வேலை மிச்சமாவதால் குறிப்புகளை நிரலாளர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாசி மகத்தையொட்டி இருளர் மக்கள் மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். மணலில் தற்காலிகக் கூடாரங்கள் அமைத்துத் தங்குவார்கள். விழா முடிந்ததும் அவற்றைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். 'இடப்பக்கம் மூன்றாவது கூடாரத்தில் வந்து பாருங்கள்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை, ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொண்டு போனால் என்ன காண்போம்? வெறும் மணலைக் காண்போம். அல்லது அதே இடத்தில் வேறு யாரோ இருப்பார்கள். சீட்டில் எழுத்து மாறவில்லை. அது காட்டும் பொருள்தான் இல்லை. இதுவே 'தொங்கும் குறிப்பு'.

நிரலில் இது எப்படி நேர்கிறது? இரண்டு எண்களைப் பெற்று, பெரிய எண் இருக்கும் இடத்தைக் குறிப்பாகத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறு இருப்பதாகக் கொள்வோம். அதன் பெயர் 'பெரியது' என்க. 'ந' என்ற மாறியின் மதிப்பு 1. இப்போது இப்படி எழுதுகிறோம்:

கு = பெரியது(ந − 1, ந + 1);

இங்கே 'கு' ஒரு குறிப்பு. ந − 1, ந + 1 ஆகியவற்றின் விடைகளான 0, 2 இரண்டும் தற்காலிக மதிப்புகள். கடற்கரைக் கூடாரங்களைப் போல, அந்தக் கட்டளையின் இறுதியில் உள்ள அரைப்புள்ளி வரைதான் அவற்றுக்கு ஆயுள். அடுத்த வரியில் 'கு' காட்டும் இடத்தில் 2 இருக்கலாம். வேறு எதுவும் இருக்கலாம். சோதனையின்போது சரியான விடையே வந்து, வாடிக்கையாளரிடம் போனபின் தவறிப்போகும் நிரல்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

இது சிறு குறை அன்று. கூகுள் குரோம் உலாவிக்கு அடித்தளமான குரோமியம் திட்டத்தினர் 2020ஆம் ஆண்டில் தங்கள் கணக்கை வெளியிட்டனர். கடுமையான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் விளைந்தவை. அவற்றிலும் பாதி, விடுவிக்கப்பட்டுவிட்ட இடத்தை மீண்டும் பயன்படுத்தியதால் விளைந்தவை. தொங்கும் குறிப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு கணிப்பு

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஜி.சி.சி. 13ஆம் பதிப்பு, தொங்கும் குறிப்புக்கென்று ஒரு புதிய எச்சரிக்கையைக் கொண்டுவந்தது. அதன் விதி எளியது. ஒரு செயற்கூறு குறிப்பைப் பெறுகிறது. குறிப்பையே திருப்பித் தருகிறது. அதற்குக் கொடுத்தது ஒரு தற்காலிக மதிப்பு. அப்படியானால், திரும்பி வருவது அந்தத் தற்காலிக மதிப்பின் முகவரியாகவே இருக்கக்கூடும். உடனே எச்சரிக்கை!

செயற்கூறின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இந்தச் சோதனை ஆராய்வதில்லை. பல வேளைகளில் ஆராயவும் முடியாது. பெரிய நிரல்கள் பல கோப்புகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே மொழிபெயர்க்கப்படுகின்றன. செயற்கூறின் உடல் வேறொரு கோப்பில் இருக்கும். இங்கே தெரிவது அதன் அறிவிப்பு மட்டுமே. கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே இருக்கும் சரக்கை ஊகிப்பது போன்றது இது. பெரும்பாலும் பொருந்தும், சிலபோது தவறும். தவறும் இடங்களில் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது: ஊரின் பெயரைக் கொடுத்தால், நிரலில் நிலையாக உள்ள ஒரு பட்டியலிலிருந்து மாவட்டத்தின் பெயரைக் குறிப்பாகத் தரும் செயற்கூறு. 'மாமல்லபுரம்' என்ற தற்காலிகச் சொல்லைக் கொடுக்கிறோம். 'செங்கல்பட்டு' என்ற நிலையான சொல்லின் இடம் திரும்பி வருகிறது. கூடாரத்தில் விசாரித்தோம், அவர் காட்டியதோ எட்டாம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் கடற்கோயிலை! கூடாரம் போனால் நமக்கென்ன? ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் பார்க்கும் நிரல்பெயர்ப்பிக்கு இது தெரியாது, எச்சரிக்கும்.

இரண்டாவது: சி++ மொழியில் 'ஸ்பான்' போன்ற சில வகைகள் உண்டு. இவை தரவைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. எங்கோ இருக்கும் தரவின் முகவரியையும் நீளத்தையும் மட்டுமே வைத்திருக்கும். இத்தகைய பொருள் தற்காலிகமாக இருந்து மறைந்தாலும், அது காட்டிய தரவு அங்கேயே இருக்கலாம். கூடாரத்தில் இருந்தவர் கையில் கடற்கோயிலின் முகவரி எழுதிய சீட்டு இருந்தது போல. இதற்கும் 13ஆம் பதிப்பு வீணாக எச்சரித்தது.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். 'டபிள்யூ-ஆல்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் வழக்கமான எச்சரிக்கைகள் அனைத்தும் இயங்கும். புதிய எச்சரிக்கையும் அந்தத் தொகுதியில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. பல நிறுவனங்களில், எச்சரிக்கை ஒன்று வந்தாலும் அதைப் பிழையாகவே கருதி வேலையை நிறுத்தும்படி அமைத்திருப்பார்கள். அங்கே ஒரு வீண் எச்சரிக்கை, நல்ல நிரலையும் தடுத்து நிறுத்திவிடும். சலித்துப்போன நிரலாளர் அந்த எச்சரிக்கையையே அணைத்துவிடுவார். அணைத்தபின் உண்மையான ஆபத்தும் கண்ணில் படாது. வீண் எச்சரிக்கையின் பெருங்கேடு இதுவே.

மூன்று மருந்துகள்

2024ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 14ஆம் பதிப்பில் ஜி.சி.சி. குழுவினர் இதற்கு மருந்து கண்டனர்.

முதல் மருந்து, கூடுதல் சான்று. தற்காலிகப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்து, ஸ்பான் போல முகவரியை மட்டும் சுமக்கும் வகையாகத் தோன்றினால் எச்சரிப்பதில்லை.

இரண்டாவது, அறிந்தவர் வாக்குமூலம். மேலே கண்ட மாவட்டப் பட்டியல் போன்ற செயற்கூறை எழுதியவருக்கு, அது தரும் குறிப்பு தொங்காது என்று தெரியும். 'நோ டேங்ளிங்' என்ற அடையாளத்தை அவர் அறிவிப்பிலேயே பொறித்துவிட்டால், அதை அழைக்கும் இடங்களில் எச்சரிக்கை எழாது.

இவ்வளவு செய்தும் முணுமுணுப்பு ஓயவில்லை. எனவே மூன்றாவது மருந்தாக, எச்சரிக்கையை ஒரு படி இறக்கினர். 'டபிள்யூ-ஆல்' தொகுதியிலிருந்து எடுத்து, கூடுதல் சோதனை வேண்டுவோர் மட்டும் கேட்டுப் பெறும் 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' தொகுதியில் வைத்தனர்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. சீட்டில் எழுதியிருந்தது கடற்கோயிலின் முகவரியாக இல்லாமல் இன்னொரு கூடாரத்தின் முகவரியாக இருந்தால்? அப்போது குறிப்பு உண்மையிலேயே தொங்குகிறது. ஆனால் ஸ்பான் வகைக்கு விலக்கு அளித்துவிட்டதால் இந்த எச்சரிக்கை வாய் திறவாது. வீண் எச்சரிக்கையைக் குறைக்கக் குறைக்க, தப்பிப்போகும் ஆபத்து சற்றுக் கூடுகிறது.

இரண்டையும் ஒருசேரச் சுழியாக்க முடியாதா? எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி முடியாது என்கிறது கணிதம். ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா, நிற்காதா என்பதை எல்லா நிரல்களுக்கும் தீர்மானிக்கும் பொது வழி இல்லை என்று ஆலன் டூரிங் 1936ஆம் ஆண்டில் காட்டினார். நிரலின் நடத்தை பற்றிய பிற கேள்விகளுக்கும் இதே தடை உண்டென்று ஹென்றி ரைஸ் 1953ஆம் ஆண்டில் நிறுவினார். ஆகவே எந்தச் சோதனைக் கருவியும் சில இடங்களில் வீணாகக் கத்தும், அல்லது சில இடங்களில் மௌனமாக இருந்துவிடும். எது, எவ்வளவு என்பதே பொறியாளர் செய்யும் தேர்வு. ரஸ்ட் என்ற மொழி வேறு பாதையில் செல்கிறது. திரும்பிவரும் குறிப்பின் ஆயுள் எதைச் சார்ந்தது என்பது அங்கே அறிவிப்பிலேயே தெரிந்தாக வேண்டும். ஐயமிருந்தால் நிரலை ஏற்கவே மறுத்துவிடும். ஊகம் குறைகிறது, எழுதுபவருக்கு வேலை கூடுகிறது.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆய்வு நடந்திருக்கிறது. புணேயில் உள்ள டாடா கன்சல்டன்சி நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் துக்காராம் முஸ்கேயும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வழியை ஆராய்ந்தனர். ஒரே காரணத்தால் எழும் பல எச்சரிக்கைகளைக் குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு தலைவனைத் தேர்ந்தெடுப்பது அது. தலைவன் வீண் என்று தெரிந்தால் குழுவையே ஒதுக்கிவிடலாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சிறுசேரியில், மென்பொருள் நிறுவனங்களுக்கு அருகிலேயே இயங்கும் சென்னைக் கணிதவியல் கழகத்திலும், நிரல்களின் சரித்தன்மையைக் கணித முறையில் நிறுவும் துறையில் ஆய்வு நடைபெறுகிறது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

எச்சரிக்கை வந்தால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தக் குறிப்பு காட்டும் பொருள் கூடாரத்தில் இருக்கிறதா, கற்கோயிலில் இருக்கிறதா?' கூடாரம் என்றால், குறிப்பை விட்டுவிட்டு மதிப்பையே படியெடுத்துக்கொள்ளுங்கள். சிறிய எண்ணைப் படியெடுக்க ஆகும் செலவு மிக அற்பம். கோயில்தான் என்று உறுதியானால், அந்தச் செயற்கூறுக்கு மட்டும் விலக்கு அடையாளம் இடுங்கள். ஒரு வீண் எச்சரிக்கைக்காக நிரல் முழுவதற்கும் எச்சரிக்கையை அணைப்பது, ஒருமுறை அலை வரவில்லை என்பதற்காகக் கரையோரத்தின் சங்கையே கழற்றி எறிவதற்கு ஒப்பாகும்.